பாட்டும் படமும் தரும் முதற்பாடம்



"எழுத்தறியாத ஒருவர் புத்தகம் வாசிக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாது என்றே நாம் அனைவரும் சொல்வோம். சென்ற கோடை விடுமுறை வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அப்பத்தா, நான்கு வயதுத் தம்பியை மடியில் இருத்திக்கொண்டு ஒரு படப்புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டினார். சரியான சொல்லின்மேல் விரலை வைத்தார். ஆனால் என் அப்பத்தாவோ பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். இது எப்படி நடந்தது என்று ஆராய்ந்ததன் பயனே இச்சிறு கட்டுரை.

பாட்டில்லாத படம்

1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அச்சடிக்க அச்சகங்கள் எழுந்தன. இன்று நம் பகுதி பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமன்றி அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்று விளங்குகிறது.

அப்பத்தா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும், பெட்டிகளில் லேபிள் ஒட்டுவதும் அவர் வேலை. கிளி, மயில், சிங்கம் என்று எத்தனையோ படங்களை அவர் கைகள் ஒட்டியிருக்கின்றன. படத்தைப் பார்த்தே இன்ன பெட்டி என்று சொல்லிவிடுவாராம். படத்தின் கீழேயே எழுத்தும் இருந்தது. ஆயினும் அந்த எழுத்தில் ஒன்றைக்கூட அவர் கற்கவில்லை. அபாயமான தொழில்களில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தக் கூடாது என்ற சட்டம் 1986-இல் வந்தது. அதற்குள் அப்பத்தாவின் பள்ளிப் பருவம் கடந்துவிட்டது.

படமும் எழுத்தும் அருகருகே இருந்தும் ஏன் கற்க இயலவில்லை? படம் பொருளைக் காட்டும். ஆனால் எந்தச் சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அவருக்கு இல்லை.

படமில்லாத பாட்டு

தமிழில் குழந்தைகளுக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒளவையாரின் ஆத்திசூடி அகர வரிசையிலேயே அமைந்தது. மகாகவி பாரதியார் 1915-இல் பாப்பாப் பாட்டை எழுதினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் எளிய இனிய பாடல்களைத் தந்தார். 1922-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் பணியாற்றிக்கொண்டே பாடல்கள் புனைந்து 'குழந்தைக் கவிஞர்' என்று போற்றப்பட்டார். குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-இல் தோன்றவும் அவரே காரணமாயிருந்தார்.

அப்பத்தாவுக்கும் தாலாட்டும் கும்மிப்பாட்டும் ஏராளமாகத் தெரியும். ஆனால் அவை காதோடு வந்து காதோடு போயின. கண்ணுக்கு அவற்றில் வேலை இல்லை.

இரண்டும் சேர்ந்தால்

கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனப் படங்கள் நிறைந்த பாடநூலை வெளியிட்டார். அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்பவர் 1957-இல், தொப்பி அணிந்த பூனையைப் பற்றி ஒரு பாட்டுக் கதை எழுதினார். அந்நூல் முழுவதிலும் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே! அதே 1957-இல் ஓவியர் சங்கர் புதுதில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இத்தகைய நூல்களில் பாட்டின் வேலை என்ன? 'வீடு' என்று ஓர் அடி முடிந்தால், அடுத்த அடியும் அதே ஓசையில் முடியப்போகிறது என்று குழந்தையின் காது காத்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டியதும் படம் தெரிகிறது. குழந்தை தானே அந்தச் சொல்லைக் கூவுகிறது. கூவிய சொல் படத்தின் கீழே அச்சில் இருக்கிறது. இவ்வாறு காது, கண், வாய் மூன்றும் ஒரே சொல்லில் வந்து கூடுகின்றன.

இதில் நம் தமிழுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஷூ', 'டூ', 'புளூ' ஆகியவை ஓசையில் ஒன்றுபோல் முடியும். எழுதும்போதோ வெவ்வேறு எழுத்துகளில் முடியும். தமிழில் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் ஈறு, பெரும்பாலும் கண்ணுக்கும் ஒன்றாகவே தெரியும்.

நான் செய்த புத்தகம்

என் தந்தையார் ஆப்செட் அச்சகத்தில் பணிபுரிகிறார். தாளை ஒரு முறை மடித்தால் 4 பக்கம், இரு முறை மடித்தால் 8, மூன்று முறை மடித்தால் 16 பக்கம் என்று அவர் சொல்லித் தந்தார். வெட்டியது போக மிஞ்சிய வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து, மீண்டும் மடித்து, நடுவில் பின் அடித்து 8 பக்கப் புத்தகம் செய்தேன். அதில் நானே இயற்றிய பாட்டு இது:

மேட்டு மேலே ஒரு வீடு
வீட்டுப் பின்னே ஒரு காடு
காட்டுக் குள்ளே ஒரு மாடு
மாட்டைத் தேடி நீ ஓடு!

இலக்கண வகுப்பில் படித்தவற்றை இதில் காணலாம். 'மேட்டு, வீட்டு, காட்டு, மாட்டை' என்று அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. முதலடியில் 'மேட்டு மேலே' என முதலெழுத்து ஒன்றுவது மோனை. அடிகளின் இறுதி ஒன்றாக முடிவது இயைபு.

நான் இருமுறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை தம்பி முழுவதையும் சொல்லிவிட்டான். அப்பத்தாவும் அப்படியே. "இது வாசிப்பன்று, மனப்பாடம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் எழுந்தது. ஆகவே கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறத்தில் வீடு, காடு, மாடு என்ற சொற்களைப் படமில்லாமல் எழுதிக் கலைத்துக் காட்டினேன். தம்பி மூன்றையும் 'மாடு' என்றே சொன்னான்! எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

ஆனால் அப்பத்தா மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து உற்றுப் பார்த்தார். பிறகு, "ஏத்தா, அவன் சொல்றது பாதி சரிதான். மூணுக்கும் வாலு ஒண்ணுதான். தலையெழுத்துதான் வேற வேற" என்றார்.

நான் திகைத்துப் போனேன். தம்பி 'டு' என்ற எழுத்தை அறிந்துகொண்டான். அதனால்தான் மூன்றையும் ஒன்றென்று எண்ணினான். அவன் தவறு, இயைபு கற்பித்த பாடமே. அந்தத் தவறிலிருந்து அப்பத்தா முதலெழுத்தைப் பிரித்தறியத் தொடங்கிவிட்டார். ஒரு வாரத்தில் இருவரும் மூன்று சொற்களையும் பிழையின்றிக் காட்டினர்.

மற்றொரு நாள் அப்பத்தா அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார். வாழ்நாளெல்லாம் அவர் கையில் புரண்ட பொருள் அது. அதில் 'தீப்பெட்டி' என்ற சொல்லின் கடைசி எழுத்தைத் தொட்டு, "இது டு-வா?" என்று கேட்டார். "இல்லை அப்பத்தா, இது டி" என்றேன். "அதான் பார்த்தேன், கொஞ்சம் வேற மாதிரி இருக்கேன்னு" என்றார். படத்தை விட்டு எழுத்தை அவர் பார்த்தது அன்றுதான் முதல் முறை என்று எண்ணுகிறேன்.

நாம் செய்ய வேண்டுவது

சென்னையில் 1990-களில் தோன்றிய தூளிகா போன்ற பதிப்பகங்கள் அழகிய படநூல்களைத் தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிடுகின்றன. வண்ணப் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்துக்குரிய கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் வேறு மொழி நூலாகிவிடும் என்று என் தந்தையார் கூறினார். ஆனால் பாட்டை அப்படி மாற்றிவிட முடியாது. ஓசை அந்தந்த மொழியில் புதிதாகப் பிறக்க வேண்டும். ஆகவே தமிழ்க் குழந்தைக்குப் பாட்டுத் தருவது தமிழ் அறிந்த நம் கடமையாகிறது.

தோழியரே! ஒரு தாள், ஒரு பென்சில், நாலடிப் பாட்டு, இவை போதும். நம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நூல் செய்து நம் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுப்போம். குழந்தைகள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அங்கே திண்ணையில் ஓர் அப்பத்தாவும் காத்திருக்கக் கூடும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, நாரணாபுரம்