சேமிக்கணும்னு தெரியும், ஆனா முடியல: உங்க மூளைக்குள்ள என்ன நடக்குது?



"அடுத்த மாசத்துலேர்ந்து கண்டிப்பா சேமிக்கிறேன்." இதை எத்தனை மாசமா சொல்லிட்டு இருக்கீங்க? உங்களுக்குக் கணக்குத் தெரியாம இல்ல. வாடகை, பெட்ரோல், ஈஎம்ஐ போக எவ்வளவு மிஞ்சும்னு நல்லாவே தெரியும். ஆனா செலவு பண்ற முடிவை எடுக்குறது எக்செல் ஷீட் இல்ல, உங்க மூளை. அது எப்படி முடிவெடுக்குதுன்னு இன்னைக்குப் பார்த்துடலாம்.

ஆசை ஒரு பக்கம், வலி ஒரு பக்கம்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சனும் அவரோட குழுவும் 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஸ்கேன் கருவிக்குள்ள படுத்திருந்தவங்களுக்கு முதல்ல ஒரு பொருளைக் காட்டினாங்க. அடுத்து அதோட விலை. அப்புறம்தான் 'வாங்குறீங்களா?'ன்னு கேள்வி.

பிடிச்ச பொருளைப் பார்த்ததும், மூளையோட ஆழத்துல இருக்குற நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதி சுறுசுறுப்பாச்சு. 'இது கிடைச்சா நல்லா இருக்கும்'ங்கிற எதிர்பார்ப்போட தொடர்புள்ள இடம் அது. விலை ரொம்ப அதிகம்னு தெரிஞ்சதும் இன்சுலா என்ற வேறொரு பகுதி வேலை செஞ்சது. உடம்பு வலி, அருவருப்பு மாதிரி உணர்வுகள்லயும் இதுக்குப் பங்கு உண்டு. இந்தச் செயல்பாடுகளை வச்சே, அவர் வாங்குவாரா மாட்டாராங்கிறதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிஞ்சது.

அதாவது, காசு கொடுக்கும்போது மனசு 'சுருக்'குனு இருக்குதே, அது கஞ்சத்தனம் இல்ல. அதுதான் உங்க பிரேக்.

பிரேக் பிடிக்கலன்னா?

எம்ஐடி பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் 2001-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. கூடைப்பந்து போட்டி டிக்கெட்டுக்கு மாணவர்கள்கிட்ட ஏலம் கேட்டாங்க. கார்டுல கட்டலாம்னு சொல்லப்பட்டவங்க, ரொக்கமா கட்டச் சொல்லப்பட்டவங்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்டாங்க!

டிக்கெட் ஒண்ணுதான். ஆனா காசு கையை விட்டுப் போறது கண்ணுல படல. 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' திட்டங்கள்லயும் நடக்குறது இதுதான்: பொருள் இன்னைக்கே வருது, வலி தள்ளிப்போகுது.

தள்ளிப்போற வலி சும்மா வராது. திடீர்னு ஒரு ஆஸ்பத்திரி பில், 50,000 ரூபாய். கையில சேமிப்பு இல்ல, கார்டைத் தேய்க்கிறீங்க, தேதிக்குள்ள கட்டலை. மாச வட்டி 3.5%ன்னு வச்சுக்கிட்டா 1,750 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 315. ஒரே மாசத்துல 2,065 ரூபாய் போச்சு, அசல் அப்படியே இருக்கு.

வலிக்காம சேமிக்க வழி

ஒரு ரூபாய் வர்ற சந்தோஷத்தைவிட, கையில இருக்குற ஒரு ரூபாய் போற வருத்தம் நமக்குப் பெருசாத் தெரியும். டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லயே இதை விளக்கினாங்க. சேமிப்பு கசக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். கைக்கு வர்ற சம்பளம் குறையுற மாதிரி மூளைக்குத் தெரியுது.

ரிச்சர்ட் தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் இதையே திருப்பிப் போட்டாங்க. 'இப்போ பிடிக்க வேண்டாம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது சேமிப்பைக் கூட்டுங்க.' அமெரிக்காவுல ஒரு நிறுவனத்துல இதுல சேர்ந்தவங்களோட சேமிப்பு, 40 மாசத்துல 3.5%-லேர்ந்து 13.6% ஆச்சு.

நம்ம கணக்குக்கு வருவோம். கைக்கு வர்ற சம்பளம் 40,000, சேமிப்பு பூஜ்யம். வருஷம் 10% உயர்வு, அதுல பாதி மட்டும் சேமிப்புக்கு:

- முதல் உயர்வு 4,000: சேமிப்பு மாசம் 2,000
- இரண்டாவது 4,400: சேமிப்பு 4,200
- மூன்றாவது 4,840: சேமிப்பு 6,620

இப்போ சம்பளம் 53,240. அதுல 12%-க்கு மேல சேமிப்பு. செலவுக்கு 46,620 இருக்கு. ஒரு வருஷம்கூடக் கைக்காசு குறையவே இல்ல!

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. சம்பளம் வந்த மறுநாளே ஆர்டி அல்லது எஸ்ஐபி-க்குத் தானா பணம் போற மாதிரி செட் பண்ணுங்க. மாசாமாசம் மனசோட மல்லுக்கட்ட வேண்டாம்.
2. ஷாப்பிங் ஆப்ல சேமிச்சு வச்ச கார்டு நம்பரை அழிச்சிடுங்க. ஒவ்வொரு தடவையும் டைப் பண்ணும்போது பிரேக் வேலை செய்ய நேரம் கிடைக்கும்.
3. அவசரத் தேவை இல்லாத பொருளை 24 மணி நேரம் கார்ட்லயே விட்டு வைங்க.

மன உறுதியை மட்டும் நம்பாதீங்க, ஏற்பாட்டை நம்புங்க. இன்கிரிமென்ட் லெட்டர் வர்ற அன்னைக்கே எஸ்ஐபி தொகையையும் மாத்திடுங்க. அந்த உயர்வு செலவோட பழகுறதுக்கு முன்னாடி!

அடுத்த பதிவில் சந்திப்போம்.