ஒளூவின் நீரும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஐவேளைத் தொழுகைக்கும் தனித்தனியே ஒளூச் செய்யும் ஒருவர், ஒவ்வொரு முறையும் மும்மூன்று தடவை நாசிக்கு நீர் செலுத்துகிறார். நாளொன்றுக்குப் பதினைந்து தடவை. இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளாகத் தொட்டியில் நின்றது, அதனுள் என்ன வாழ்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இம்மாதம் அதனைக் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

சிற்றுயிர்கள் எல்லாம் பகைவர்கள் அல்ல

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லீவன்ஹூக் என்ற துணி வணிகர், 1670-களில் தம் கையால் செய்த பூதக்கண்ணாடியைக் கொண்டு ஏரி நீரையும் மழை நீரையும் நோக்கினார். அத்துளிகளுக்குள் கணக்கற்ற நுண்ணுயிர்கள் ஓடித் திரிவதைக் கண்டு வியந்தார். மனிதன் அறியாத ஒரு பெரும் படைப்புலகம் அன்று தான் அவன் கண்ணுக்குத் திறந்தது. நாம் காண்பவற்றை மட்டுமின்றி, நாம் காணாதவற்றையும் படைத்தவன் அல்லாஹ் என்று ஈமான் கொண்டுள்ள நமக்கு இதில் திகைப்பில்லை, படிப்பினை உண்டு.

இவ்வுயிர்களுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வனவல்ல. பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் அவையே. உளுந்து, துவரைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குவதும் அவையே. நம் குடலில் இருந்துகொண்டு செரிமானத்துக்கு உதவுவனவும் உண்டு. மடிந்த இலையையும் உடலையும் மண்ணாக்கும் பணியை அவை நிறுத்திவிட்டால் இப்பூமி வாழத் தகுதியற்றதாகிவிடும்.

எனினும், ஓரிடத்தில் நன்மையாக இருப்பது, இடம் மாறினால் ஆபத்தாகிவிடுகிறது. அடுப்பில் எரியும் நெருப்பு உணவு சமைக்கிறது. அதுவே கூரையில் ஏறினால் வீட்டை எரிக்கிறது. ஒளூவுடன் தொடர்புள்ள ஒரு சிற்றுயிரின் கதையும் இத்தகையதே.

சேற்றில் வாழும் ஓர் அமீபா

'நெக்லேரியா ஃபவ்லெரி' என்பது அதன் பெயர். 1965-ல் தென் ஆஸ்திரேலியாவில் ஃபவ்லர், கார்ட்டர் என்ற மருத்துவர்கள் இதனால் நேர்ந்த மரணங்களை விவரித்து எழுதினர். ஃபவ்லரின் பெயரையே அதற்குச் சூட்டினர். குளம், குட்டை, ஏரி இவற்றின் அடியில் உள்ள சேற்றில் பாக்டீரியாக்களைத் தின்று இது வாழ்கிறது. அங்கு அது யாரையும் துன்புறுத்துவதில்லை. வெப்பமே இதற்கு உகந்தது. 46 டிகிரி செல்சியஸ் வரையிலும் செழித்து வளரும். கோடையில் நீர் சூடேறும்போது பெருகும்.

இந்நீரைக் குடித்தால் இந்நோய் வராது. நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. ஒரே ஒரு வாயில் வழியாகத் தான் இது கேடு செய்கிறது, அவ்வாயில் மூக்கு. நீர் வேகமாக மூக்கினுள் ஏறும்போது உடன் ஏறும் அமீபா, வாசனையை உணரும் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை அடைகிறது. பெரும்பாலும் சில நாட்களில், பன்னிரண்டு நாட்களுக்குள், தலைவலி, காய்ச்சல், வாந்தி தோன்றும். பிறகு கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வலிப்பு. நோய்க்குறிகள் தோன்றியதிலிருந்து ஏறத்தாழ ஐந்து நாட்களில் உயிர் பிரிவதே பெரும்பாலும் நடக்கிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை இந்நோய் கண்டவர் 164 பேர். பிழைத்தவர் நால்வர் மட்டுமே. மிக அரிதான நோய் தான். ஆனால் வந்தால் மீள்வதும் அரிது.

கராச்சியில் நடந்தது

இது குளத்தில் நீந்துவோரின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கராச்சி நகரில் 2008, 2009 ஆண்டுகளில் 17 மாதங்களுக்குள் 13 பேர் இதனால் பீடிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டபோது, அவர்கள் எவரும் நீந்தியவர் அல்லர் என்பது தெரியவந்தது. அவர்கள் அன்றாடம் செய்ததோ ஒளூ. குழாய் நீரை நாசிக்குச் செலுத்தியதே காரணமாக இருக்கலாம் என்று அம்மருத்துவர்கள் முடிவு கூறினர். 2012-லும் அந்நகரில் பலர் மாண்டனர். அதே ஆண்டில் கரீபியன் கடலிலுள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒளூச் செய்துவந்த 47 வயதுள்ள ஒருவரும் இவ்வாறே காலமானார். அவர் வீட்டு நீர் கிணற்றிலிருந்தும் மழைநீர்த் தொட்டியிலிருந்தும் வந்தது.

இந்நோய் ஒளூவுக்கு மட்டும் உரியதென்றும் எண்ண வேண்டாம். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், சளிக்காகக் கெண்டி கொண்டு மூக்கைக் குழாய் நீரால் கழுவிய இருவர் இறந்தனர்.

நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் 2016-ல் ஆலப்புழையில் இந்நோய் கண்டறியப்பட்டது. 2024-ல் கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர்ப் பகுதிகளில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் மூளையைத் தாக்கும் அமீபா நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் விரைவாகக் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தான். 2025-லும் பலர் நோயுற்றனர். வேறு வகை அமீபாக்களும் இதில் காணப்பட்டன. கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கத்தை அம்மாநில அரசு அவ்வாண்டு நடத்தியது.

தூய்மை வேறு, தீங்கின்மை வேறு

"ஒளூச் செய்தால் நோய் வருமா? தூய்மைக்காகத் தானே ஒளூ?" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கு தான் ஒரு நுணுக்கத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீர் எப்போது நஜீஸாகும் என்பதற்கு பிக்ஹு நூல்கள் அளவு வகுத்துள்ளன. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவுள்ள நீர் (இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர்) நஜீசு விழுந்தாலும், நிறம், மணம், சுவை மாறாதவரை அசுத்தமாவதில்லை. ஹனபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழமுள்ள நீர்நிலைக்கு ஓடும் நீரின் சட்டமே. இவ்வளவுகள் தொழுகை கூடுமா கூடாதா என்பதற்கானவை. அந்நீரில் அமீபா இருக்கிறதா என்பதற்கு இவை விடையல்ல. அதற்காக இவை வகுக்கப்படவுமில்லை. ஒளூவுக்குத் தகுதியான நீரே உடலுக்குக் கேடு தரும் நீராகவும் இருக்கக்கூடும்.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நமது உலமாக்களுக்குப் புதிதன்று. வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாபிஈ நூல்கள் பல கூறுவதை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். அந்நீர் தானும் தூய்மையானது, பிறவற்றையும் தூய்மையாக்குவது. ஆயினும் உடலுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்தாலேயே வெறுக்கப்பட்டது. மருத்துவக் காரணம் கொண்டே தாம் அதனை வெறுப்பதாக இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். அன்று அஞ்சிய நோய் வெண்குஷ்டம். இமாம் நவவி (ரஹ்) போன்றோர் அச்சட்டத்திலேயே மாற்றுக் கருத்து கொண்டனர். அமீபாவை அன்றே அறிந்திருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது அவர்கள் மீது இல்லாததைச் சுமத்துவதாகும். சட்டப்படி தூய்மையான நீராயினும் உடலுக்குத் தீங்கென்றால் அதனை விலக்கிக்கொள்வது மார்க்கத்துக்கு உட்பட்டதே என்ற அடிப்படையைத் தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நின்ற நீரில் சிறுநீர் கழிக்கக் கூடாதென்றும், உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துள் இடக் கூடாதென்றும், பாத்திரங்களை மூடி வைக்க வேண்டுமென்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நீரைப் பேணுவது மார்க்கக் கடமைக்கு அப்பாற்பட்ட வேலையன்று.

சுன்னத்தை விடுவதா?

வேண்டாம். நாசிக்கு நீர் செலுத்துவது ஒளூவில் ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் சுன்னத்து. கடமையான குளிப்பிலோ ஹனபி மத்ஹபில் அது பர்ளாகும். அதனைக் கைவிடும்படி எவரும் கூறவில்லை, மருத்துவரும் கூறவில்லை. நீரைச் சீராக்குங்கள் என்பதே அவர்கள் கூற்று.

நாசிக்கு நன்கு நீர் செலுத்தும்படி லகீத் இப்னு ஸபிரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவித்தபோது, நோன்பாளியாக இருக்கையில் அவ்வாறு மிகைப்படுத்த வேண்டாமென விலக்கும் அளித்தார்கள். நீர் உள்ளே ஏறிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணமென உலமாக்கள் விளக்குவர். நீரின் நலத்தில் ஐயமிருக்கும் இடத்தில் மென்மையாகச் செலுத்துவதற்கு இது நல்ல வழிகாட்டி. மூக்கின் மெல்லிய பகுதியை நீர் எட்டினால் போதுமென்று ஹனபி நூல்கள் கூறுவதையும் நினைவிற் கொள்க.

இல்லங்களில் செய்யத்தக்கவை

முதலாவது: கோடையிலும், நீரில் குளோரின் சேர்க்கப்படாத இடங்களிலும், நாசிக்கு மட்டும் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்தலாம். தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் இந்த அமீபா மடியும். நாசிக்கு வேண்டியது மூன்று சிறங்கை நீரே. காலையில் ஒரு பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்து மூடிவைத்தால் குடும்பம் முழுமைக்கும் அன்றைக்குப் போதும். முகம், கை, கால் கழுவுவதற்கு வழக்கமான நீரே தகும்.

இரண்டாவது: மாடித் தொட்டியைக் காலியாக்கி, அடியில் படிந்த வண்டலையும் சுவரில் படர்ந்த வழுவழுப்பையும் தேய்த்துக் கழுவுக. அமீபாவுக்கு இரையாகும் பாக்டீரியாக்கள் வாழ்வது அங்கே தான். சேற்றில் கிடந்த உயிருக்கு நம் தலைக்கு மேலேயே வெதுவெதுப்பான வீடு கட்டிக் கொடுப்பது நமது அசட்டையே. தொட்டிக்கு மூடி இன்றியமையாதது.

மூன்றாவது: கிணற்று நீருக்கு, 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் தரமான பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை இட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துப் பயன்படுத்துவது பொது வழக்கு. நீர் கலங்கலாயின் அளவு மாறும். சுகாதார நிலையத்தாரைக் கேட்டுச் செய்க. குளோரின் வாடை சிறிதிருப்பதால் ஒளூக் கூடாதோ என்று அஞ்ச வேண்டாம். அதனால் அது தண்ணீர் என்ற பெயரை இழப்பதில்லை. ஐயமுடையோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

நான்காவது: பிள்ளைகளைக் கோடையில் தேங்கிய குளங்களில் குதிக்கவும் மூழ்கவும் சேற்றைக் கலக்கவும் விடாதீர்கள். கடும் தலைவலியுடன் காய்ச்சல் கண்டால், நீர் மூக்கில் ஏறிய செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் தாமதமின்றி நோயைக் கண்டறிய அந்த ஒரு சொல் உதவும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு

ஹவுலில் நூற்றுக்கணக்கானோர் ஒளூச் செய்கின்றனர். அது பத்து முழத்துக்கு மேற்பட்டது, ஆகவே கவலையில்லை என்று முத்தவல்லிமார் இருந்துவிடலாகாது. குறித்த காலத்தில் நீரை இறைத்து வண்டலை அகற்றுதல், குளோரின் இட்டு அதன் அளவைச் சோதித்தல், குழாய் அமைக்க இயலுமாயின் அமைத்தல் ஆகியவை ஜமாஅத்தார் பொறுப்பாகும். பள்ளிக்கு வெள்ளையடிக்கச் செலவிடும் நாம், தொழுகைக்கு வருவோரின் உயிரைக் காக்கும் இவ்வேலைக்குச் செலவிடத் தயங்கலாமா? வெள்ளையடிப்பு பார்ப்போர் கண்ணுக்குத் தெரியும். தொட்டியின் அடி தெரியாது. தெரியாத இடத்திலும் அமானிதத்தைப் பேணுபவனே முஃமின்.

தனக்கும் தீங்கு தேடாமல், பிறருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்வது நம் நபியவர்கள் காட்டிய நெறி. நம் சுன்னத்தும் நிலைபெற வேண்டும். அதனை நிறைவேற்றுவோரின் உடல் நலமும் நிலைபெற வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு பாத்திரம் கொதித்த நீரும், கழுவிய தொட்டியும் தவிர வேறு தடையில்லை.

அகமும் புறமும் தூயோராக நம்மை வாழச் செய்து, தீய நோய்களிலிருந்து நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.