பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடமா?

அன்புள்ள தம்பிக்கு,

சஞ்சிகைக்கு நீர் எழுதிய வட்டுக்கோட்டைக் கட்டுரையை வாசித்தேன். ஊரைப் பற்றிய பகுதியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் செமினரிக்கு வந்ததும் ‘போதிய பிள்ளைகள் சேராமையால் 1855இல் மூடப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர். இந்த வரியை வேறு சிலரும் எழுதக் கண்டிருக்கிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதினால் பிழைக்கும் ஆயுள் கூடும். நடந்தது இதற்கு நேர்மாறு.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும், வட்டுக்கோட்டையில் இடிந்து கிடந்த ஒல்லாந்தர் காலத் தேவாலயத்தைத் திருத்தியதும் உமக்குத் தெரிந்தவை. 1823இல் அவர்கள் தொடங்க விரும்பியது கல்லூரி. அதற்கு அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கர் என்றாலே அந்நாளைய இலங்கை அரசுக்கு ஓர் ஐயம். 1820இல் அச்சுவேலைக்கென்று வந்த காரட் என்பவரை இங்கே தங்கவே விடவில்லை. அதனால் ‘செமினரி’ என்று பெயரைச் சிறிதாக வைத்துக்கொண்டு பாடத்தைப் பெரிதாக நடத்தினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர்.

அங்கே என்ன படித்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் ‘ஆங்கிலமும் வேதாகமமும்’ என்பார்கள். நான் வானசாத்திரம் என்பேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

அயலில் பஞ்சாங்கம் கணித்தவர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அவருடைய பஞ்சாங்கம் ஒன்று சொன்னது, பூவரின் கணக்கு வேறொன்று சொன்னது. தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் காலம் மூன்றிலுமே வேற்றுமை. அன்றிரவு பூவரின் கணக்குத்தான் சரி வந்தது. மிஷனார் இதைச் சமயத்தின் வெற்றியாக எழுதிவைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்தானிய நாவிக அட்டவணையோ தொலைநோக்கியோ இல்லாமல், வாய்பாடுகளை மனத்தில் வைத்துக் கணித்த ஒருவர் அவ்வளவு கிட்டப் போனாரே, அதை ஏன் ஒருவரும் வியக்கவில்லை? வியந்தவர் ஒருவர் இருந்தார் என்றே நினைக்கிறேன். பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், தமிழர் கிரகக் கணித முறையையே ஊன்றிக் கற்று 1848இல் ‘ஓரியண்டல் அஸ்ட்ரோனமர்’ என்ற நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மறுக்க வந்தவர் மாணவராகிப்போனார்! அதோடும் நிற்கவில்லை. சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலமாக்கினார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வந்தன. அந்த மொழிபெயர்ப்பைப் பழைய தாள்களில் தேடி வாசித்தேன். சில இடங்களில் இடறுகிறது, ஆனால் சோம்பல் இல்லை. சிவஞானபோதத்தைத் தொட்டும் பாராமல் ‘பாதிரிமார் நம் சமயத்தை அறியாதவர்’ என்று மேடையில் முழங்குவோர் ஒருமுறை அதைப் புரட்டினால் நல்லது.

கணக்கு அங்கே வெறும் பாடமாக இல்லாமல் சண்டைக்குரிய பொருளாக இருந்ததால்தான் மாணவர் அதில் மூழ்கினார்கள் என்பது என் கட்சி. அங்கே படித்துக் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தைத் தமிழிலேயே ‘வீசகணிதம்’ என்று எழுதினார். அது வெளிவந்த ஆண்டும் 1855.

இனி மூடிய கதை. பாஸ்டனிலிருந்து மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் அந்த ஆண்டு நேரில் வந்தார். அவர் கொள்கை கண்டிப்பானது: மிஷன் பணம் சுவிசேஷத்துக்கு, ஊழியரை ஊர்மொழியில் பயிற்றினால் போதும். இங்கேயோ பிள்ளைகள் ஆங்கிலம் படித்துத் தேறியதும் கச்சேரிக்கும் கந்தோர்களுக்கும் நல்ல சம்பளத்துக்குப் போனார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் தொகையோ அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆளில்லாமல் மூடவில்லை தம்பி. ஊர் அதை மிஷன் விரும்பாத காரணத்துக்காக விரும்பியதால் மூடினார்கள். பூவர் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்துபோனார். அதனால் இதைப் பார்க்கவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்கள் ஆங்கிலக் கல்வியை விடாமல் கேட்டார்கள். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது, ஹேஸ்டிங்ஸ் அதிபராக. ஐம்பது வருடத்துக்கு முன் மறுக்கப்பட்ட ‘கல்லூரி’ என்ற பெயர் அப்போதுதான் பலகையில் ஏறியது.

இன்னொன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் செமினரியில் படித்தவர்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர். சரிதான், ஒருவர் மேலே சொன்ன விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. பட்டத்தோடு நிறுத்திவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மிஷன் பள்ளியில் படித்த சைவரான தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். கலித்தொகைப் பதிப்புரையை வாசியும். வாசித்தபின் அந்தப் பந்தியைத் திருத்தி, மூடிய காரணத்தையும் மாற்றி எனக்கு அனுப்பும். அச்சுக்குக் கொடுக்க முன்.

அன்புடன்,
உம்முடைய வாத்தியார்