தேய்க்காதீர்கள்... அது அழுக்கு அல்ல!

உங்கள் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாக ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். பளிச்சென்று வெள்ளைக் கோடு விழுகிறதா? சில பிள்ளைகளுக்கு மீன் செதில் மாதிரியே தோல் வெடித்திருக்கும். பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறியா நீ?" என்று ஒரு அதட்டல். கையில் பீர்க்கங்காய் நார். பரபரவென்று ஒரு தேய்ப்பு. இரண்டே நாளில் கால் முன்னைவிட சொரசொரப்பாகிவிடும்!

ஏன் இப்படி? கொஞ்சம் தோலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

நாலு வாரப் பயணம்

தோலின் மேலடுக்குக்கு எபிடெர்மிஸ் என்று பெயர். அதன் அடித்தளத்தில் புதுப்புது செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அப்படிப் பிறந்த செல் மெல்ல மேலே ஏறி, கடைசியில் உதிர்ந்துபோக சுமார் நான்கு வாரமோ, சற்று அதிகமோ ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

இந்தப் பயணத்தில் செல் உருமாறிக்கொண்டே வருகிறது. எப்படி? ஒரே சமையல் புத்தகம்தான். ஆனால் தீபாவளிக்குத் திறக்கிற பக்கம் வேறு, பத்தியத்துக்குத் திறக்கிற பக்கம் வேறு இல்லையா? செல்லிடம் இருக்கும் மரபணுப் புத்தகமும் அப்படித்தான். தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுக்கிறது. ரைபோசோம் என்ற அடுப்படியில் அந்த நகலைப் பார்த்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் தயாராகிறது.

அடித்தளத்தில் இருக்கும்போது செல் தயாரிப்பது கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற நார்ப் புரதங்கள். ஒரு படி மேலே வந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு கெரட்டின் 1, கெரட்டின் 10 தயாரிக்கிறது. இன்னும் மேலே வந்ததும் ஃபிலாக்ரின் என்ற புரதம். நார்களையெல்லாம் சேர்த்து இறுக்கிக் கட்டி, உருண்டையாக இருந்த செல்லைத் தட்டையாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு. பிறகு உட்கரு கரைகிறது. செல் இறக்கிறது. இறந்த செல்கள் செங்கல். நடுவில் பூசிய செராமைடு போன்ற கொழுப்புகள் காரை. இதுதான் நம் உடம்பின் மதில் சுவர்!

ஃபிலாக்ரின் வேலை அத்தோடு முடியவில்லை. அது சிதைந்து சிறு மூலக்கூறுகளாகி, தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

ஃபிலாக்ரின் குறைந்தால்?

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஃபிலாக்ரின் மரபணுவில் கோளாறு இருந்தால் 'இக்தியோசிஸ் வல்காரிஸ்' என்ற மீன்செதில் தோல் வருகிறது. அதே கோளாறு குழந்தைகளின் அரிப்புக் கரப்பானுக்கும், அதாவது எக்ஸிமாவுக்கும் வழிவிடுகிறது. காரணம், சுவர் ஒழுகுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் தூசும் கிருமியும் உள்ளே நுழைகின்றன.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு உள்ளங்கை ரேகைகள் வழக்கத்தைவிட அதிகமாகவும் ஆழமாகவும் இருக்கும். அப்பா, அம்மா கையையும் பாருங்கள். விஷயம் பரம்பரையாக வந்திருக்கலாம்!

ஆக, நார் போட்டுத் தேய்க்கும்போது போவது அழுக்கு அல்ல. ஏற்கெனவே பலவீனமான சுவரிலிருந்து செங்கல்லைப் பெயர்க்கிறீர்கள்.

என்ன செய்யலாம்?

1. நார், பிரஷ், கல் எதுவும் வேண்டாம். கையால் தேய்த்தால் போதும்.

2. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களில் சோப்பைக் குறையுங்கள்.

3. கொதிக்கும் வெந்நீர் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டுங்கள்.

4. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ, பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். இறந்த செல்லுக்கு எந்த க்ரீமும் ஊட்டம் தர முடியாது. ஈரம் போகாமல் காக்கத்தான் முடியும். அதனால் தினமும் பூச வேண்டும்.

5. மருந்துக் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் போடாதீர்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும்.

தூக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு, நீர் வடிதல், சீழ் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உள்ளே சுவர் எழும்ப நாலு வாரமாவது ஆகும் என்று பார்த்தோமே, அதுவரை பொறுமையாகச் செய்து பாருங்கள். அடுத்த முறை நாரைக் கையில் எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள்... பாவம், அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை!