புண்ணும் காய்ச்சலும்: உடலின் காவல் விழிப்பது எப்படி?

நெடுநாள் பற்றையேறிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டி காலிற் பட்டுவிடுகிறது. சேறும் சாணமும் புண்ணிற் படிகின்றன. மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்குகிறது, காய்ச்சலும் வருகிறது. இதெல்லாம் கிருமியின் வேலை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் இதிற் பெரும்பகுதி எமது உடலின் வேலையே.

சாணத்திலுள்ள ஈ.கோலை போன்ற பற்றீரியாக்களின் வெளிச்சுவரில், கொழுப்பும் சீனி வகைகளும் இணைந்த ஒரு பொருள் உண்டு. எமது உடற்கலங்களில் அது இல்லை. எனவே அது அந்நியனின் அடையாளம். அதை உணர எமது வெண்குருதிக் கலங்கள் சிலவற்றின் மேற்பரப்பில் 'ரி.எல்.ஆர். 4' என்னும் வாங்கிப் புரதம் உள்ளது. அமெரிக்காவில் புரூஸ் பொய்ட்லரின் குழுவினர் எலிகளை ஆராய்ந்து 1998இல் இதைக் காட்டினர். 2011இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

வயற்காவலை நினைத்துப் பாருங்கள். யானையைக் கண்ட காவற்காரர் கூப்பிடுகிறார். அடுத்த கொட்டிலில் இருப்பவரும் கூப்பிடுகிறார். இறுதியில் ஊரே எழும்புகிறது. கலத்துக்குள்ளும் இப்படித்தான். வாங்கி உணர்ந்ததும் உள்ளேயுள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. 'என்.எஃப். கப்பா பி' என்னும் புரதம் வழமையில் இன்னொரு புரதத்தாற் கட்டுண்டு கிடக்கும். செய்தி வந்ததும் அக்கட்டு அழிகிறது. விடுபட்ட புரதம் கலத்தின் கருவுக்குள் சென்று பரம்பரையலகுகளை இயக்குகிறது. அதனால் உண்டாகும் தூதுப் புரதங்கள் குருதிக் குழாய்களை விரிக்கின்றன. மேலும் கலங்களை அழைக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்பிக் காய்ச்சலை உண்டாக்குகின்றன.

அளவோடு எழும் காவல் உயிரைக் காக்கும். கிருமி குருதியிற் பரவி, உடலெங்கும் ஒரே நேரத்தில் கூக்குரல் எழுந்தால், யானையைத் துரத்த ஏற்றிய தீப்பந்தம் வயலையே எரித்ததுபோலாகும். இரத்த அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகள் பழுதாகி, மரணமும் நேரலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. புண்பட்டவுடன் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு நன்கு கழுவுவோம். மண்ணோ சாணமோ பூசாதிருப்போம்.

2. ஏற்பு ஊசி தேவையா என ஆஸ்பத்திரியிற் கேட்போம்.

3. பரசிற்றமோல் காய்ச்சலைத் தணிக்கும்; கிருமியைக் கொல்லாது. வைத்தியர் தரும் நுண்ணுயிர்கொல்லியை அவர் சொன்ன நாள்வரை எடுப்போம்.

4. கடும் நடுக்கம், வேகமான மூச்சு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், காய்ச்சல் இறங்கியிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வோம். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கலந்துரையாட: இரவில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தால், நாம் இருக்கும் இடத்திலிருந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல என்ன ஒழுங்கு செய்துள்ளோம்? யாரிடம் வாகனம் உண்டு? யார் கூடச் செல்வார்?