கிழமையில் 160 மணித்தியாலம்

கிழமைக்கு இரண்டு டயலிசிஸ், தடவைக்கு 4 மணித்தியாலம் என்று வைத்தால் மெஷினில் போவது 8. மிச்சம் 160 மணித்தியாலமும் வீட்டில்தான். அந்த 160க்கும் குசினியில் நிற்பவர்தான் பொறுப்பு. சல்லி என்ற கரையோர ஊரில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் உள்ள வீட்டை நினைத்து எழுதிய குறிப்புகள் இவை. அளவும் மருந்தும் கிளினிக்கில் சொல்வதுபடியே.

1. காலையில் ஒரு போத்தலில் அன்றைய தண்ணீரை அளந்து வையுங்கள். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மி.லீ. கூட்டுவது பொதுவான கணக்கு. தேத்தண்ணி, சொதி, கஞ்சி, ஐஸ் எது உள்ளே போனாலும் அதே அளவைப் போத்தலில் இருந்து ஊற்றிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய பங்கு முடிந்தது. வாய் வறண்டால் கொப்புளித்துத் துப்பலாம். ஆனால் சம்பலில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு "தாகத்தை அடக்கு" என்று ஆளைப் பேசுவதில் நியாயம் இல்லை.

2. தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடுப்போடு நிறை பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். உடம்பில் தேங்கும் ஒரு லீற்றர் தண்ணீர் தராசில் ஒரு கிலோ.

3. மீன் விஷயத்தில்தான் வீடுகளில் பெரிய குழப்பம். டயலிசிஸ் தொடங்குமுன் "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகும் பலர் அதையே பிடித்துக்கொண்டு வெறுஞ்சோறு தின்று மெலிந்துபோகிறார்கள். மெஷின் கழிவோடு புரதச் சத்தையும் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. அதனால் இப்போது உடம்பின் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். கரையிலேயே பச்சை மீன் வாங்கும் ஊருக்கு இது ஒரு வரம். பாரை, விளை போன்றவற்றைச் சதையாகக் கொடுங்கள். முள்ளோடு மென்று தின்னும் பொடிமீனில் பொஸ்பரஸ் கூட. கருவாடும் மாசியும் உப்பு மூட்டை, அவற்றை மறந்துவிடலாம். முட்டையில் வெள்ளைக்கருவே போதும். பொஸ்பரஸைப் பிடிக்கத் தரும் குளிசையைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். பஸ்ஸில் ஏறியபின் நினைவு வந்து போட்டால் பயனில்லை.

4. உருளைக்கிழங்கு, மரவள்ளி, கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். ஆவியில் அவித்தால் பொட்டாசியம் இறங்காது. இளநீர், செவ்விளநீர் வேண்டவே வேண்டாம். "உப்புக்கு மாற்று" என்று விற்கும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம்தான் இருக்கிறது. பொட்டாசியம் கூடி, கைகால் சோர்ந்து, நெஞ்சுத் துடிப்பு தவறுவதுபோல் இருந்தால் அடுத்த டயலிசிஸ் நாளைப் பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. காமரங்காய் ஒரு துண்டுகூட வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. நிற்காத விக்கல் முதல் அறிகுறி, பிறகு தடுமாற்றம், வலிப்பு.

6. முத்துமாரியம்மன் பொங்கலுக்கு ஊரே கூடும்போது இவரை மட்டும் வீட்டில் இருத்த முடியுமா? போகட்டும். வெயில் தாழ்ந்தபின் கூட்டிப்போங்கள். சர்க்கரைப் பொங்கல் ஒரு விரல் நுனி போதும், வாழைப்பழம் பிள்ளைகளுக்கு.

7. டயலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையைத் தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள். மெல்லிய அதிர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே காட்டுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், புதிய தாதி வந்தால் நீங்களே சொல்லுங்கள். கைக்கடிகாரம், இறுக்கமான காப்பு, தண்ணிக்குடம், தலைக்கு அணை எதுவும் அந்தக் கைக்கு ஆகாது.

8. மாரியில் வெள்ளம் வந்து பாதை மறிபடலாம். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டையே முடக்கியது. புயல் அறிவிப்பு வந்ததும் டயலிசிஸ் பிரிவுக்குப் பேசி, முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேளுங்கள். முறை தவறினால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, உப்பில்லாத சோறு, வெள்ளைப் பாண் என்று சமாளிக்க வேண்டும்.

9. இரத்தம் குறைந்தால் உடனே ஏற்றச் சொல்லாதீர்கள். பிறர் இரத்தம் ஏறும்போது எதிர்ப்புப் பொருள் உருவாகி, பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். ஊசியால் சமாளிக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். சொத்தைப் பல்லையும் இப்போதே பார்ப்பித்துவிடுங்கள். மாற்றிய பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தருவார்கள், அப்போது சின்னச் சீழும் பெரிதாகும்.

10. "காசு தந்தால் ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்புங்கள். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பு விற்பதும் வாங்குவதும் குற்றம். கொழும்பு, கண்டி அரச ஆஸ்பத்திரிகளில் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. பொலன்னறுவையில் 2021 இல் திறந்த சிறுநீரக ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

11. மூளைச்சாவடைந்தவரின் சிறுநீரகத்துக்குப் பதிந்திருந்தால் அழைப்பு நடுச்சாமத்திலும் வரும். இரண்டு தொலைபேசி இலக்கம் கொடுத்து வையுங்கள், ஒன்று கடலுக்குப் போகாதவருடையதாக இருக்கட்டும். ரிப்போர்ட்டுகள், குளிசைப் பட்டியல், ஒரு சாரம், ஒரு துவாய் எல்லாம் ஒரே பையில். அந்தப் பை கதவடியில் தொங்கட்டும்.