சைக்கிள் வாங்குமுன் காலை அளக்க வேண்டும்

நமது சங்கங்களின் அங்கத்தினர்களில் பெரும்பாலோருக்குச் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று, ஜீவனத்துக்குரிய கருவி. விடியற்காலையில் பால் கொண்டு போகிறவரும், காய்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிச் செல்பவரும், இரண்டு மைலுக்கப்பால் உள்ள வயலுக்குப் போய் வருகிறவரும் அதையே நம்பியிருக்கின்றனர். நுகத்தடி எருதுகளின் உயரத்துக்கு ஒத்திராவிட்டால் கழுத்தில் புண் உண்டாகுமென்பதை யாவரும் அறிவர். எனினும், தம் சரீரத்துக்கு ஒத்த சைக்கிள் எதுவென்று அளந்து பார்த்து வாங்குகிறவர் நூற்றில் ஒருவரும் இலர். இந்த அசட்டையால் விளையும் நஷ்டம் யாதென்பதை, என் சரகத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு முதலில் கூறுகிறேன்.

தவணை தவறிய காரணம்

ஒரு சங்கத்தின் அங்கத்தினர், பால் வியாபாரி, சைக்கிள் வாங்கக் கடன் கேட்டார். மனுவில் வண்டியின் விலை இருந்தது. ஜாமீன்தாரர் கையொப்பம் இருந்தது. கறவை மாடுகளின் கணக்கும் இருந்தது. யாவும் ஒழுங்காயிருந்தமையால் நான் சிபாரிசு செய்தேன். மூன்றாம் மாதம் தவணை வரவில்லை. நான்காம் மாதமும் வரவில்லை. நேரில் விசாரிக்கச் சென்றபோது, அவர் வலது மணிக்கட்டில் கட்டுடன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பால் கேன்களுடன் கோயில் திருப்பத்தில் வரும்போது எதிரே ஒரு கன்று ஓடி வந்ததாம். வண்டியை நிறுத்தினார், ஆனால் காலை ஊன்ற முயன்றபோது தரை எட்டவில்லை. வண்டி சாய்ந்தது, பால் முழுவதும் தெருவில் ஓடிற்று.

வண்டியைப் பார்த்தேன். அது 24 அங்குலச் சட்டமுள்ள, இரட்டைக் குறுக்குக் கம்பி வைத்த பெரிய வண்டி. அவரோ ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ளவர். “பெரிய வண்டிதான் அதிகப் பாரம் தாங்கும்” என்று கடையில் கூறியதை அவர் நம்பிவிட்டார். அவரை அசிரத்தையுள்ளவரென்று எண்ணிப் போனவன் வெட்கமடைந்தேன். கடன் மனுவில் எத்தனையோ விவரங்களைக் கேட்ட நான், அவர் கால் எட்டுமா என்ற ஒரு விவரத்தைக் கேட்கவில்லை.

பழைய வண்டி கற்பிக்கும் பாடம்

சைக்கிளின் ஆதிகாலத்தில் இந்தத் தவறு நேர இடமில்லாதிருந்தது. 1870-க்குப் பின் சுமார் பதினைந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் வழங்கிய வண்டியில் முன்சக்கரம் மிகப் பெரியது. பெடல்கள் அச்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. எனவே கால் எவ்வளவு நீளமோ அதற்குத் தக்க சக்கரத்தையே வாங்க வேண்டியிருந்தது. 1885-இல் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், பின்சக்கரத்தைச் சங்கிலியால் சுழற்றும் ‘ரோவர்’ என்னும் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் சக்கரம் யாவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவாயிற்று. கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த சம்பந்தம் நீங்கியது. ஆனால் கால் நீளத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் நீங்கவில்லை. இதை நாம் மறந்துவிட்டோம்.

கடையில் 26 என்றும் 28 என்றும் சொல்லும் அங்குலக் கணக்கு சக்கரத்தின் குறுக்களவு. சட்டத்தின் அளவு வேறு. பெடல் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஆசனத் தண்டு நுழையும் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளமே சட்டத்தின் அளவாகும். கடைக்காரரிடம் இவ்விரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

காலை அளக்கும் முறை

செருப்பின்றிச் சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு கணக்குப் புத்தகத்தைக் கால்களின் நடுவே, சைக்கிள் ஆசனம் அழுத்துவதுபோல மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை மற்றொருவர் நாடாவால் அளக்க வேண்டும். இதுவே கால் அளவு. மேற்கூறிய பால் வியாபாரியின் கால் அளவு 30 அங்குலம்.

இனி வண்டியைப் பாருங்கள். 28 அங்குலச் சக்கரமுள்ள சாதாரண வண்டியில், 24 அங்குலச் சட்டமானால் குறுக்குக் கம்பியின் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 33 அங்குலம். 22 அங்குலச் சட்டமானால் 31 அங்குலத்துக்குச் சற்று மேல். 20 அங்குலச் சட்டமானால் சுமார் 29½ அங்குலம். வண்டிக்கு வண்டி இது சிறிது வேறுபடுமாகையால், கடையிலேயே நாடாவை வைத்து அளந்துவிடுவது உத்தமம். கம்பியின் இருபுறமும் கால் வைத்து நின்றால், இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய, கம்பிக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமேனும் இடைவெளி வேண்டும். செருப்பணிந்து ஓட்டுபவர் செருப்புடனேயே நின்று பார்க்கலாம். 30 அங்குலக் கால் உள்ளவருக்கு 24 அங்குலச் சட்டம் ஒருபோதும் உதவாது, 22-உம் பெரிதே. 20 அங்குலச் சட்டமோ, 26 அங்குலச் சக்கரமுள்ள தாழ்ந்த வண்டியோதான் ஏற்றது.

தகப்பனாரின் பெரிய வண்டியில் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, சிறுவர்கள் ‘குரங்குப் பெடல்’ போடுவதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய வண்டியில் ஏறி, பெடலை எட்டுவதற்காக இடுப்பை இருபுறமும் ஆட்டிக்கொண்டு போகும் பெரியவர் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

ஆசனமும் கைப்பிடியும்

சட்டம் பொருந்தியபின் ஆசனத்தின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். ஆசனத்தில் உட்கார்ந்து, பெடல் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். இதுவே நியாயமான உயரம். ஆசனம் மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும், பலமும் வீணாகும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும். தொடையில் புண் உண்டாகும். பாரம் ஏற்றி அடிக்கடி நிறுத்துகிறவர் மாத்திரம், கால் ஊன்றும் பொருட்டு, இவ்வுயரத்தில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். ஆசனத் தண்டில் எல்லைக் கோடு போட்டிருப்பின், அக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தலாகாது. தண்டு முறியும் அபாயமுண்டு.

தமிழ்நாட்டில் 2001-இல் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டத்தின் மூலம் வண்டி பெற்ற பிள்ளைகளின் வீடுகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். வண்டி வந்த நாளில் இருந்த உயரத்திலேயே, பிள்ளை வளர்ந்த பின்னும் ஆசனம் இருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிஷமும் போதும்.

கைப்பிடி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை சிறிது மடங்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பவருக்குக் குழியில் சக்கரம் விழும்போதெல்லாம் அதிர்ச்சி தோளில் ஏறும்.

வேலைக்குத் தக்க வண்டி

சைக்கிள்கள் யாவும் ஒரே சாதியல்ல. வேலைக்குத் தக்கபடி அவற்றின் அமைப்பு மாறும்.

முதலாவது, நாம் பழகியுள்ள சாதாரண வண்டி. இதில் முன் குழாயும் ஆசனக் குழாயும் நன்றாகப் பின்சாய்ந்திருக்கும். இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடைத்தூரம் ஏறக்குறைய 45 அங்குலம். இந்த நீளத்தாலும் சாய்வாலும் மேடுபள்ளத்தில் அதிர்ச்சி குறையும். கைப்பிடி மெதுவாகத் திரும்பும். பாரம் ஏற்றினாலும் நேராக ஓடும். நிமிர்ந்து உட்காருவதால் சரீரத்தின் எடையில் பெரும் பங்கு ஆசனத்தின் மேலேயே இறங்கும். ஆகையால்தான் இதற்கு அகன்ற, சுருள் கம்பி வைத்த ஆசனம் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பந்தய வண்டி. இதன் குழாய்கள் செங்குத்தை நெருங்கி நிற்கும். அச்சுகளின் இடைத்தூரம் 39 அங்குலம் அளவில் இருக்கும். கைப்பிடி தாழ்ந்து வளைந்திருக்கும். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, ஓட்டுபவரின் பலத்தில் பெரும் பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. குனிவதன் நோக்கம் அதைக் குறைப்பதே. எடை கை, கால், ஆசனம் மூன்றிலும் பகிரப்படுவதால் ஆசனம் ஒடுங்கியிருந்தாலும் நோகாது. இவ்வண்டிகளை மிக இலேசாகச் செய்யத் தொடங்கியமையால், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாதென்று சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டில் விதி செய்தது. நமது சாதாரண வண்டியின் எடை சுமார் 20 கிலோ. பந்தய வண்டி பால் கேனைச் சுமக்கச் செய்யப்பட்டதன்று.

மூன்றாவது, மலைப்பாதை வண்டி. 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மாரின் பிரதேசத்தில் இது உருவாயிற்று. அகன்ற டயரும் நேரான கைப்பிடியும் பல கியர்களும் இதன் லட்சணங்கள். சேற்றிலும் மணலிலும் அகன்ற டயர் புதையாமல் போகும்; தார் ரோட்டில் அதுவே இழுவையைக் கூட்டும். விலை குறைந்த சில வண்டிகளில் அழகுக்காக வைக்கும் ஸ்பிரிங்குகள், பாரத்தைக் கூட்டுவதன்றி வேறு பலன் தருவதில்லை.

பெண்களுக்கென்று குறுக்குக் கம்பி தாழ்த்திச் செய்யும் வண்டியில் புடவையுடன் ஏறி இறங்குவது எளிது. ஆனால் மேல்கம்பி சேர்ந்து உண்டாகும் முக்கோண உறுதி அதில் குறைவாதலால், அதிகப் பாரம் ஏற்றினால் சட்டம் முறுகும். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991 முதல் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, அவர்களில் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். கம்பியின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது ஒரு காரணம். எது சிறந்ததென்பது அவரவர் வேலையைப் பொறுத்தது.

பாரம், பல், பிரேக்

பாரம் தாங்குவது சட்டத்தின் உயரத்தால் அன்று. பின்சக்கரத்தின் உறுதி, கேரியரின் உறுதி, பாரத்தை வைக்கும் இடம் ஆகிய மூன்றாலேயே தாங்கும். பழைய முறைப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் வைப்பதன் காரணம் பின்னால் எடை அதிகம் என்பதே. 20 லிட்டர் பால் மாத்திரமே 20 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு கேன்களும் அவற்றின் சொந்த எடையும் சேர்ந்தால் ஓர் ஆளை ஏற்றியது போலாகும். இப்பாரம் பின் அச்சுக்குப் பின்னே நீண்டிருந்தால், மேட்டில் முன்சக்கரம் தூக்கும். கைப்பிடி சொன்னபடி கேட்காது. ஆகையால் கேன்களை அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாகவோ, இருபுறமும் சம எடையாக, கூடியவரை தாழ்வாகத் தொங்கவிட வேண்டும்.

அடுத்தது பல் சக்கரம். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியில், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 18 அடி போகும். பின்பல்லை 22 ஆக மாற்றினால் 14 அடி 8 அங்குலம் போகும். வேகம் குறையும், ஆனால் பாரத்துடன் ஏரிக்கரை ஏறும்போது காலுக்கு வேண்டிய பலமும் அவ்வளவு குறையும். பிரீவீலை மாற்றிச் சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் சேர்ப்பது, புது வண்டி வாங்குவதைவிட எவ்வளவோ சிக்கனம்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிறுத்தும் தூரம் பன்மடங்கு ஆகும். மழைக்காலத்தில் முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துவிட வேண்டும். அலுமினிய ரிம் இவ்விஷயத்தில் மேலானது. மோதலில் முன்போர்க்கு வளைந்தால் அடித்து நிமிர்த்தி ஓட்டலாகாது. வளைந்த இரும்பு மறுபடி முறியும்போது முன்னறிவிப்புத் தராது.

சங்கம் செய்யக்கூடியது

முடிவில் அந்தப் பால் வியாபாரியின் வண்டியைச் சிறிது நஷ்டத்துக்கு உயரமான ஓர் அங்கத்தினருக்கு விற்று, 20 அங்குலச் சட்டமுள்ள வண்டி வாங்கினோம். பின்பல் 22, கேன்கள் அச்சுக்கு நேராக. நிர்வாகக் கமிட்டியார் அவருக்குத் தவணையை நீடித்துக் கொடுத்தனர். அவர் கடனை முழுவதும் தீர்த்துவிட்டார். ஆனால் வண்டி விற்ற நஷ்டமும் கை முறிந்திருந்த நாட்களின் வருமானமும் அவருக்குத் திரும்பி வரவில்லை. ஒரு நாடாவால் தடுத்திருக்கக்கூடிய நஷ்டம் அது.

ஆதலால் ஒவ்வொரு சங்கத்து ஆபீசிலும் ஓர் அளவு நாடா இருக்கட்டும். சைக்கிள் கடன் மனு வரும்போது காரியதரிசி நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: கால் அளவு எவ்வளவு? கம்பியின் உயரம் எவ்வளவு? ஏற்றும் பாரம் என்ன? போகும் பாதை எப்படிப்பட்டது? விலையும் ஜாமீனும் அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை. கடன் கொடுப்பதோடு நம் கடமை தீர்வதில்லை. கடனால் வாங்கிய பொருள் வாங்கியவருக்கு உதவும்படி பார்ப்பதும் கூட்டுறவே.